ஆணி அடிக்கத் தெரியாமல் வீடு கட்டப் போனவர்கள்

அட்லாண்டாவிலிருந்து:

"காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடிக்கச் சொன்னா சுவத்துல நாலு ஓட்டை போடுற. நீ வீடு கட்டப் போறியா?" என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அலுவலகத்தில் ஆள் சேர்த்தபோது பெயர் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை காலை ஏழரை மணி, வசதி குறைந்த குடும்பங்களுக்கு வீடு கட்டித் தரும் ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பின் ஒரு வீட்டில் ஒரு நாள் வேலை.

போய் இறங்கினால் வெறும் கான்கிரீட் தளம். பக்கத்தில் மரச்சட்டங்கள் குவிந்து கிடந்தன. செங்கல், மணல், கலவைச் சட்டி எதுவும் இல்லை. இங்கே பெரும்பாலான வீடுகள் மரக்கூடுகள்தான். பதினாறு அங்குலத்துக்கு ஒரு சட்டம் வைத்து, சுவரைத் தரையில் படுக்கப்போட்டு ஆணியடித்து, பத்துப் பேர் சேர்ந்து தூக்கி நிறுத்துவோம். ஊரில் தேர் வடம் பிடிக்கிற மாதிரி ஒரு சத்தம் அப்போது தானாக வாயில் வந்துவிடுகிறது.

என் முதல் பதினோரு ஆணிகளும் வளைந்தன. எண்ணியது நான் இல்லை, எதிரே முழங்காலிட்டு அடித்துக்கொண்டிருந்த பெண்மணி. சுத்தியலின் கழுத்தைப் பிடிக்காதே, கைப்பிடியின் அடியில் பிடி, பாரம் தானே இறங்கும் என்று சொல்லிக்கொடுத்தார். அவர் மூன்றே அடியில் ஓர் ஆணியை இறக்கினார். பதிலுக்கு நமக்குத் தெரிந்ததை நாமும் சொல்லுவோமே என்று நான் வாஸ்து ஆரம்பித்தேன். அடுப்படி தென்கிழக்கில் வரவேண்டும், வரைபடத்தில் வடகிழக்கில் போட்டிருக்கிறார்கள், குடிவரப் போகிறவர்கள் பாவம் என்றேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு, "தென்கிழக்கு என் மகனுடைய அறை. அவனுக்குக் காலை வெயில் வேண்டுமாம்" என்றார்.

வீடே அவருடையது!

இலவச வீடு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. கையில் எட்டும் அளவுக்கு மாதத் தவணை கட்டவேண்டும், அந்தப் பணம் அடுத்த வீடுகளுக்குப் போகிறது. அதுபோக, வீடு பெறும் குடும்பம் தன் வீட்டிலும் அடுத்தவர் வீட்டிலும் பல நூறு மணி நேரம் உடலுழைப்பு தரவேண்டும். என் எதிரே இருந்தவர் அப்படி இரண்டு வீடுகளில் வேலை பார்த்துவிட்டு மூன்றாவதாகத் தன் வீட்டுக்கு வந்திருந்தார். ஆணி மூன்றடியில் இறங்காமல் என்ன செய்யும்?

இதன் தொடக்கம் எங்கள் ஜார்ஜியா மாநிலத்திலேயேதான். அமெரிக்கஸ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் கொய்னோனியா என்ற பண்ணை இருக்கிறது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டால் வம்பு வரும் என்றிருந்த காலத்தில், 1942-இல் தொடங்கியது. மில்லர்ட் ஃபுல்லர் என்ற பணக்கார வழக்கறிஞர் மனைவியோடு சேர்ந்து சொத்தை விற்றுத் தானம் செய்துவிட்டு அந்தப் பண்ணைக்கு வந்தார். வட்டியும் லாபமும் இல்லாமல் வீடு கட்டிக் கொடுக்கும் யோசனை அங்கே உருவானது. 1976-இல் அந்தத் தம்பதி ஹேபிடட்டைத் தொடங்கினார்கள். பக்கத்து ஊர் பிளெயின்ஸ்காரர் ஜிம்மி கார்ட்டர். அதிபர் பதவி போனபிறகு 1984 முதல் அவரும் மனைவி ரோஸலினும் வருடந்தோறும் சுத்தியலோடு கிளம்பினார்கள். 2019-இல் 95 வயதில், வீட்டில் விழுந்து 14 தையல் போட்டு, கண்ணைச் சுற்றி ரத்தம் கட்டியிருந்த நிலையிலும் மறுநாள் நாஷ்வில்லில் வேலைக்கு நின்றார். நான் பதினோரு ஆணிக்கே மறுநாள் லீவு போட நினைத்தவள்.

உங்களில் யாருக்காவது இப்படி அனுபவம் உண்டா?

மதுரையிலிருந்து:

உண்டு. ஆனால் என்னுடையது கொஞ்சம் கசப்பு. சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் ஒரு தொண்டு நிறுவனம் கட்டிய வீடுகளில் இளநிலைப் பொறியாளராக இருந்தேன். பெயர் வேண்டாம். வெளிநாட்டு மாணவர்கள் பத்து நாளைக்கு வந்து சுவர் கட்டுவார்கள். நல்ல பிள்ளைகள், வெயிலில் தோல் உரிந்து நின்றார்கள். ஆனால் தூக்குக்குண்டைப் போட்டுப் பார்த்தால் சுவர் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அவர்கள் வேன் ஏறியதும் கொத்தனார் ஈரம் காயுமுன் மேல் மூன்று வரியைப் பிரித்து மறுபடி கட்டுவார். "விடுங்க சார், ஆசையா வந்திருக்குதுங்க. காலையில வந்து போட்டோ எடுத்துக்கட்டும்" என்பார்.

அந்த விமான டிக்கெட் காசை அனுப்பியிருந்தால் உள்ளூர்க் கொத்தனார் நாலு பேருக்குக் கூலி ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள்ளேயே அடுப்படி வைத்து, புகை போக வழி இல்லாமல் வரைபடம் போட்டது நாங்கள். விறகடுப்பில் மீன் குழம்பு வைக்கிற வீடு அது. "சமையல் எங்கே செய்வீர்கள்?" என்று அந்தப் பெண்களிடம் முதலில் கேட்டது அந்த மாணவர்களில் ஒரு பெண். வாசலில்தான் சமைப்போம், வலையையும் அங்கேதான் போடுவோம் என்றார்கள். அதற்குள் நாற்பது வீடு எழும்பிவிட்டது.

நாகப்பட்டினத்திலிருந்து:

நாங்கள் கல்லூரியில் படிக்கும்போது கூத்தூரில் லாஃப்டி அமைப்பின் முகாமுக்குப் போயிருந்தோம். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மாவும் அவர் கணவரும் 1981-இல் தொடங்கியது. நிலமில்லாத குடும்பங்களுக்கு நிலம் வாங்கிப் பெண்கள் பெயரில் எழுதித் தந்தவர்கள். அப்புறம் வீட்டுக்கும் வந்தார்கள்.

எங்கள் பக்கம் ஓலைக் குடிசை என்றால் ஒழுகும் என்பது மட்டும் இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேரை எரித்தார்கள். கிருஷ்ணம்மாள் தம்பதி இந்தப் பக்கம் வந்து தங்கக் காரணமே அதுதான். இங்கே வயதானவர்கள் செங்கல் சுவரைக் கையால் தடவிப் பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

எனக்குக் கொடுத்த வேலை செங்கல் அறுப்பது. மண்ணை மிதித்துக் குழைத்து, அச்சில் மணல் தூவி, உருண்டையை ஓங்கி அறைந்து, மேலே வழித்துவிட்டு, அச்சைத் தூக்கவேண்டும். நான் தூக்கினால் கல்லுக்குக் காது முளைத்திருக்கும். ஒரு பாட்டி திரும்பிப் பார்த்து, "தம்பி, இது செங்கல் இல்ல, கொழுக்கட்டை" என்றார். அன்று மாலை வரை என் கொழுக்கட்டைகளை மண்ணோடு மண்ணாகப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தேன். மதுரை அண்ணன் சொல்வது சரிதான், என்னால் ஒரு சுவர்கூட எழும்பவில்லை. ஆனால் அந்தப் பாட்டி எனக்குச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் இருந்தார். எங்கள் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை.

அட்லாண்டாவிலிருந்து, மறுபடி:

மதுரை அண்ணா, இங்கேயும் மின்சாரம், குழாய் எல்லாம் உரிமம் பெற்றவர்கள்தான் செய்கிறார்கள். எங்களைத் திருத்தக்கூடிய வேலைக்கு மட்டும்தான் விடுகிறார்கள். இரண்டாவது சனிக்கிழமை என் வளைந்த ஆணிகளை நானே பிடுங்கினேன்.

அன்று சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போயிருந்தேன். அந்தப் பெண்மணியின் மகனும் வந்திருந்தான். நிலக்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றான். சுவருக்குப் பலகை அடித்து மூடுமுன் சட்டங்களில் ஆளுக்கொரு வாழ்த்து எழுதுவது இங்கே வழக்கம். அவன் அறையில், ஜன்னலுக்குக் கீழே, மார்க்கரால் "நல்லா இருப்பா" என்று தமிழில் எழுதினேன். என்ன அர்த்தம் என்று கேட்டான். சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் பக்கத்திலேயே ஒரு டைனோசர் வரைந்தான். அடுத்த வாரம் பலகை அடித்து மூடிவிட்டார்கள்.