நெத்திலி உலர்த்த ஏர் கலெக்டர்: சிமுலேஷனில் சூடு ஏற மாட்டேன் என்கிறது

மண்டபம்_தோப்பு:
மண்டபத்தில் நெத்திலி உலர்த்தும் பெட்டிக்குச் சோலார் ஏர் கலெக்டர் (வெயிலில் காற்றைச் சூடாக்கும் பெட்டி) ஒன்று திட்டமிடுகிறோம். கட்டுவதற்கு முன் டிரன்சிஸ் என்ற சிமுலேஷன் மென்பொருளில் ஓட்டிப் பார்க்கிறேன். 1 மீட்டர் அகலம், 2 மீட்டர் நீளம், 4 மிமீ ஒற்றைக் கண்ணாடி, கறுப்படித்த அலுமினியத் தகடு. தகட்டுக்குக் கீழே 4 செமீ இடைவெளியில் காற்று போகும். காற்றோட்டம் மணிக்கு 144 கிலோ. டைப் 1 என்ற அதன் தயார்நிலை கலெக்டர் மாதிரியில் திறன் 0.80 என்று கொடுத்திருக்கிறேன். வெயில் சதுர மீட்டருக்கு 800 வாட், வெளிக்காற்று 30 டிகிரி. வெளிவருவது 38-ஐத் தாண்டவே இல்லை. எங்கே இடிக்கிறது? 10 கிலோ பச்சை நெத்திலிக்கு இந்த அளவு போதுமா?

வெயில்மானி:
தன்வெப்பத்தைப் (ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான கிலோஜூல்) பாருங்கள், 4.19 என்று இருக்கும். அது தண்ணீருக்கு. காற்றுக்கு 1.007 போட வேண்டும். போட்டதும் 62 டிகிரி காட்டும்; அதையும் நம்பாதீர்கள்.

0.80 என்பது தண்ணீர் கலெக்டருக்குப் பொருந்தும் எண். குழாயில் ஓடும் தண்ணீர் தகட்டுச் சூட்டை உடனே வாங்கிக்கொள்ளும், காற்று வாங்காது. உங்கள் அளவுகளுக்கு ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் எவ்வளவு கலங்குகிறது என்பதன் அளவு) 4000 சுமார், நுசெல்ட் எண் (ஓடும் காற்று சூட்டை வாங்கும் அளவு) 12 சுமார். 4 செமீ இடைவெளியில் வெப்பமாற்றக் கெழு (ஒரு சதுர மீட்டர் தகடு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குக் காற்றுக்குத் தரும் வெப்பம்) வெறும் 4.2 வாட்தான் வருகிறது. மேல்பக்க இழப்பையும் அதே அலகில் 7 வாட் என்று வைத்தால் திறன் 0.36, காற்று ஏறுவது 14 டிகிரி, அதாவது 44.

இடைவெளியை 2 செமீ ஆக்குங்கள். அகலமும் காற்றின் எடையும் மாறாததால் ரெனால்ட்ஸ் எண் அப்படியே நிற்கும், கெழு மட்டும் இரட்டிப்பாகி 8.3 ஆகும். திறன் 0.45, வெளிவரும் காற்று 48. ஒரு சதுர மீட்டர் கண்ணாடிகூடக் கூட்டாமல் கிடைக்கும் லாபம் இது. ஏர் கலெக்டரில் முதலில் கைவைக்க வேண்டிய இடம் இடைவெளிதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

எந்த ஓட்டத்துக்கும் ஒரு சோதனை: விழும் 1600 வாட் முழுவதும் காற்றுக்கே போனாலும் ஏற்றம் 40 டிகிரிதான். 70-க்கு மேல் காட்டினால் உள்ளீட்டில் பிழை. டிரன்சிஸ் ஓட்டத்தை மணிக்குக் கிலோவிலும் வெப்பத்தைக் கிலோஜூலிலும் கேட்கும். விநாடிக் கணக்கில் 0.04 என்று போட்டுவிட்டால் எல்லாம் தாறுமாறாகும்.

மண்டபம்_தோப்பு:
நன்றிங்க. 2 செமீ ஆக்கினால் ஃபேனுக்குச் சுமை கூடாதா?

வெயில்மானி:
அழுத்த இழப்பு எட்டு மடங்கு கூடும். ஆனால் அரை பாஸ்கலாக இருந்தது 4 பாஸ்கல் ஆகும், அவ்வளவுதான். மீன் தட்டுகளின் வலையும் வளைவுகளும்தான் ஃபேனைத் திணறடிக்கும். ஃபேனைப் பெட்டியின் வெளிவாயிலில் வைத்து இழுத்தால், கலெக்டர் ஓட்டைகளில் குளிர்காற்று புகுந்து சூட்டைக் குறைக்கும். அந்தக் கசிவை மாதிரியில் சேருங்கள்.

கடலோரம்:
போதுமா என்பதற்கு: நெத்திலியில் 75 சதவீதம் நீர், 15-க்கு இறக்க வேண்டும் என்று வைத்தால் 10 கிலோவில் 7 கிலோ நீர் போக வேண்டும். அதற்கே 4.7 யூனிட் வெப்பம் ஆகும். நாளுக்குச் சதுர மீட்டருக்கு 5.5 யூனிட் வெயில் என்றால் உங்கள் 2 சதுர மீட்டர் 5 யூனிட் தரும். ஆனால் அதில் பாதிதான் நீரை ஆவியாக்கும் என்று கணக்கிடுங்கள். ஆக இரண்டு நாள், அல்லது 4 சதுர மீட்டர்.

நம் கரையில் சூட்டை மட்டும் பார்த்தால் போதாது. 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதக் காற்று 48-க்கு ஏறினால் ஈரப்பதம் 30 ஆகிவிடும். உலர்த்துவது அந்த இறக்கம்தான். மாதிரியில் ஈரக்காற்றுக் கணக்கு இல்லாவிட்டால் நீர் எவ்வளவு போனது என்றே தெரியாது. முதல் இரண்டு மணி நேரம் 45-ஐத் தாண்ட விடாதீர்கள்: மீன் வெந்து போகும், அல்லது மேல்பகுதி இறுகி உள்ளீரம் வெளியேறாது. இரவையும் ஓட்டிப் பாருங்கள். உப்புக் கருவாடு என்றால் 75 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் போனதும் உப்பு நீரை இழுக்கத் தொடங்கும், பகலில் உலர்ந்தது திரும்ப நனையும். சாயங்காலம் இரு வாயையும் அடைக்கும் மூடி வேண்டும்.

வானிலைக்கு பிவிஜிஐஎஸ் என்ற ஐரோப்பிய ஆணையத்தின் வெயில் தரவுத் தளத்தில் 9.28 வடக்கு, 79.12 கிழக்கு கொடுத்தால் மணிவாரித் தரவு இலவசமாகக் கிடைக்கும். கண்ணாடி வானத்துக்கு வெப்பத்தை இழக்கும் கணக்குக்கு வானின் வெப்பநிலை வேண்டும்; அதற்கு, வெளிக்காற்றின் வெப்பநிலையை மட்டும் வைத்துக் கணிக்கும் ஸ்வின்பேங்க் சூத்திரம் வேண்டாம். அது ஈரப்பதத்தைப் பார்ப்பதில்லை, நம் கரைக்கு இழப்பைக் கூட்டிக் காட்டும். பனிநிலை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) சேர்ந்த சூத்திரம் எடுங்கள். ஆண்டுச் சராசரியை வைத்து அளவு முடிவு செய்யாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். வள்ளத்து மீன் மட்டும்தான் வரும். இடிக்கப்போவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழைமேகமும் ஈரமும் சேரும்போது. அந்த மூன்று மாதத்தைத் தனியாக ஓட்டுங்கள். தெற்கு நோக்கி 10 முதல் 15 டிகிரி சாய்வு சரி. கண்ணாடியில் உப்பு படியும் என்பதால், கண்ணாடி வழியே ஒளி ஊடுருவுவதை 5 சதவீதம் குறைத்து இன்னொரு ஓட்டமும் எடுத்துவிடுங்கள்.