மறு: தடுப்பூசியின் 'பாதுகாப்பு' எது?

> "ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசியின் பாதுகாப்பு சோதனைகளில் உறுதியானது."

வணக்கம். வரைவில் உள்ள இந்த வரி, ஊசி இந்தக் கல்லீரல் நோயிலிருந்து காக்கிறது என்கிறதா, ஊசியால் கேடில்லை என்கிறதா? ஆய்வாளர்கள் தனித்தனியே அளப்பதை நாம் ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். நோயைத் தடுப்பதைக் 'காப்பு' என்றும், மற்றதைக் 'கேடின்மை' என்றும் பிரிக்கலாம்.

> "தீங்கின்மை? அல்லது ஏமம்?"

ஏமம் அழகுதான். ஆனால் குறளே நாட்டின் காவலை ஏமம் என்கிறது. பழைய குழப்பம் பழந்தமிழில் திரும்பி வரும். தீங்கின்மை என்றால் ஊசி போட்ட இடத்தில் வலி, தலைவலி கூட வராது என்றாகிவிடும். அவை வரும். சிறு வலியை யாரும் கேடு என்பதில்லை. அரிதாக நேரும் கடும் ஒவ்வாமையைத்தான் அப்படிச் சொல்வோம்.

> "எஃபிகசி, எஃபெக்டிவ்னெஸ் இரண்டுக்கும் செயல்திறன் போதும்."

போதாது. எஃபிகசி சோதனைக்குள் அளப்பது, எஃபெக்டிவ்னெஸ் நடைமுறையில் காண்பது. 1991இல் நியூயார்க் மாநிலத்தின் மன்ரோவில் 2 முதல் 16 வயது வரையிலான 1,037 சிறாரிடம் நடந்த சோதனையைப் பாருங்கள். ஒரு பிரிவுக்கு ஒரு தவணைத் தடுப்பூசி, மறு பிரிவுக்கு மருந்தில்லா ஊசி. 50ஆம் நாள் முதல் எண்ணியதில் மருந்தில்லா ஊசி பெற்ற 25 பேருக்கு நோய் கண்டது. தடுப்பூசி பெற்றவர்களில் ஒருவருக்கும் இல்லை. (தொற்றியபின் நோய் வெளிப்பட 15 முதல் 50 நாள் வரை ஆகும். ஊசிக்கு முன்பே தொற்றியவர்களைக் கணக்கில் சேர்த்தால் ஊசி மீது வீண்பழிதான்.) சோதனைக் கட்டுப்பாட்டுக்குள் அளந்த இதைக் 'காப்புத்திறன்' எனலாம்.

இஸ்ரேல் 1999இல் சிறு குழந்தைகளுக்கு மட்டும் இந்த ஊசியை வழக்கமாக்கியது. ஊசி போடாத பெரியவர்களிடமும் நோய் வெகுவாகக் குறைந்தது! பெரும்பாலும் அறிகுறியே காட்டாமல் வைரஸைப் பரப்புவது சிறு குழந்தைகள்தான். அந்த வழி அடைபட்டுவிட்டது. ஊசி போடாதவருக்கும் கிடைத்த நன்மையை ஊசியின் 'திறன்' என்று எப்படி எழுதுவது? இதற்குக் 'களப்பயன்' என்கிறேன்.

> "களப்பயன் வேளாண்மைச் சொல் போல ஒலிக்கிறது."

ஒலிக்கட்டுமே. கள ஆய்வு, களப்பணி என்று சொல்லும்போது யாரும் நெல்லை நினைப்பதில்லை.

மறுப்பில்லையென்றால் காப்புத்திறன், களப்பயன், கேடின்மை மூன்றையும் வரைவில் ஏற்றிவிடுகிறேன். இம்யூனோஜெனிசிட்டிதான் மீதி. 'எதிர்ப்பாற்றல் தூண்டுதிறன்' சரியாக இருந்தாலும் அட்டவணைக் கட்டத்துக்குள் அடங்காது. சுருக்கமாக ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.