மலைமேல் பழைய பங்களாவில் இரண்டு நாள்: உங்களுக்கு எப்படி இருந்தது?

சேலத்துக்காரி:

அப்பா போனதிலிருந்து அம்மா வீட்டை விட்டு எங்கும் நகரவில்லை. சனி, ஞாயிறு சும்மா உட்கார்ந்திருக்க ஓர் இடம் கிடைத்தால் போதும் என்று ஊட்டியில் தேடினேன். ஏரி, தொட்டபெட்டா எதுவும் திட்டத்தில் இல்லை. வெள்ளைக்காரர் காலத்து பங்களா, மங்களூர் ஓடு, மரத்தரை, அறைக்குள்ளேயே கணப்பு. படத்தில் அந்தக் கணப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. அதைக் காட்டித்தான் அம்மாவைச் சம்மதிக்க வைத்தேன்.

அறைக்குள் போனால் கணப்பின் வாயைப் பலகை வைத்து அடைத்து வெள்ளை அடித்திருந்தார்கள். அதன் முன்னால் பிளாஸ்டிக் பூ வைத்த ஒரு ஜாடி. அம்மா மூக்குக்கண்ணாடியைப் பையில் வைத்திருந்தார். நேராகப் போய் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் பலகைப் பக்கம் நீட்டினார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டு, "நாளைக்குக் காலையிலேயே கிளம்பிடலாமா?" என்று கேட்டார்.

பெட்டி தூக்கி வந்த பெரியவர்தான் உண்மையைச் சொன்னார். புகைபோக்கி அடைத்து வருஷக்கணக்காகிறதாம். வரவேற்பில் இருந்தவர்கள் ஒரு மின்சார ஹீட்டரைக் கொடுத்து, அதற்குத் தனியாகக் காசு போட்டார்கள். இரண்டாவது நாள் தங்கவில்லை.

அந்தக் கை நீட்டல் மனசை விட்டுப் போகவில்லை. மலைமேல் இப்படிப் பழைய இடங்களில் தங்கியவர்கள் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். அம்மாவை மறுபடி கூட்டிப் போக வேண்டும்.

பீளமேடு வாசி:

குன்னூர். பழைய தேயிலைத் தோட்டத்து பங்களா, இப்போது அறை வாடகைக்கு விடுகிறார்கள். காலை ஆறரை மணி, வராந்தாவில் காபியோடு உட்கார்ந்திருக்கிறேன், பனிமூட்டம். புல்தரையில் ஏதோ கறுப்பாக நிற்கிறது. மூட்டம் விலகினால் காட்டுமாடு. ஒன்றல்ல, குட்டியோடு. என் நாற்காலிக்கும் அதற்கும் நடுவில் ஒரு டேலியா பாத்திதான்.

தோட்டக்காரர் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். தண்ணீர் அவர் காலிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. வாயைத் திறக்காமல், "எந்திரிக்காதீங்க சார். அது போயிடும்" என்றார். அது மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது. முழங்காலுக்குக் கீழே நான்கு காலும் வெள்ளை. புல்லைக் கடித்துக்கொண்டே வேலி ஓரமாகத் தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டது. தோட்டக்காரர் குழாயைப் பாத்திக்குத் திருப்பினார்.

அறை எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டால் எனக்குச் சரியாக நினைவில்லை. அந்த மூச்சுச் சத்தம் மட்டும் இருக்கிறது.

லவ்டேல் பக்கம்:

சேலத்துக்காரி சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. படத்தில் எரிவதைக் காட்டிவிட்டு அடைத்து வைத்தது தப்பு, அதில் பேச்சில்லை. ஆனால் அடைத்து வைத்ததே தப்பில்லை. நாங்கள் தங்கிய இடத்தில் அடைக்காமல் விட்டிருந்தார்கள். ராத்திரி பற்ற வைத்தோம், புகை மேலே போகாமல் அறைக்குள் திரும்பியது, குழந்தைகளைக் கம்பளியோடு தூக்கிக்கொண்டு வாசலில் நின்றோம். என் சின்ன மகள் இருமிய இருமல் இன்னும் காதில் இருக்கிறது. புகைபோக்கியை வருஷா வருஷம் ஆள் வைத்துத் துடைக்காத கணப்பு எரியாமல் இருப்பதே நல்லது. அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கி உயிர் போன செய்தி கொடைக்கானலிலிருந்து வந்திருக்கிறது. குளிருக்கு இன்னொரு கம்பளி கேளுங்கள், கரி மட்டும் வேண்டாம்.

அம்மாவைக் கூட்டிப் போகப் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், குன்னூர் சுமார் 1,850. வயதானவர்களுக்கு அந்த வித்தியாசம் ராத்திரியில் நன்றாகத் தெரியும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் புல்மேல் உறைபனி விழும், குன்னூரில் அந்த அளவுக்கு இருக்காது. போன் செய்யும்போது "பழைய கட்டடமா, பின்னால் கட்டினதா?" என்று முதலில் கேளுங்கள். நிறைய இடங்களில் பங்களா முன்னால் இருக்கும், நமக்குக் கொடுக்கும் அறை பின்னால் புதிதாகக் கட்டிய மாடியில் இருக்கும். படம் பங்களாவுடையது, படுக்கை மாடியுடையது. எந்த அறையோ அந்த அறையின் படத்தை அன்றைக்கே எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள். கணப்பு எரியுமா, விறகு எவ்வளவு, என்ன விறகு என்று கேளுங்கள். சீகை (வாட்டில் மரம்) நன்றாக நின்று எரியும். சுடுதண்ணீர் நாள் முழுக்க வருமா, காலையில் மட்டுமா? வாசலிலிருந்து அறைக்கு எத்தனை படி? பழைய பங்களாக்கள் சரிவில் கட்டியவை, முட்டிவலிக்காரர்களுக்குப் படிதான் முதல் கேள்வி.

வண்டியில் போனால் இ-பாஸ் வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அதனால் ஏப்ரல், மே சனிக்கிழமையை விட்டுவிட்டு ஒரு செவ்வாய், புதன் பாருங்கள். அரசுப் பேருந்தில் போனால் பாஸ் தொல்லை இல்லை.

மலை ரயில் கிடைத்தால் அதுவே பாதி ஓய்வு. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்கு எடுத்தால் ஊட்டிக்கு மதியம்தான். 46 கிலோமீட்டர், 16 குகை. கல்லாறு தாண்டியதும் பல் சக்கரம் தண்டவாளத்தின் நடுவில் இருக்கும் பல்லைக் கவ்வுவது காலுக்குக் கீழே தெரியும். நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து ரயிலை நிறுத்திவிடுவார்கள், அந்த மாதங்களில் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

அப்புறம், சரித்திரம் என்றால் ஊட்டிதான். சலிவன் வந்து கட்டிய ஊர் அது, கோடையில் மதராஸ் சர்க்காரே அங்கேதான் வந்து உட்கார்ந்தது.

டிம்பட்டி:

லவ்டேல்காரர் மற்றதெல்லாம் சரியாகச் சொன்னார், கடைசி வரி சரியில்லை. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சலிவன் 1819இல் மலையேறி முதலில் வீடு போட்டது கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்கில். ஊட்டியில் கல் பங்களா கட்ட ஆரம்பித்தது 1822இல். இன்றைக்கு அது அரசுக் கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. ஊட்டியை அவர் வெறுங்காட்டில் உண்டாக்கவும் இல்லை. அங்கே தோடர்கள் எருமை மேய்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுடைய மந்து (குடியிருப்பு) இன்றும் தாவரவியல் பூங்காவுக்கு மேலேயே இருக்கிறது. சரித்திரம் பார்த்து ஊர் தேர்ந்தெடுப்பதென்றால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

என் அனுபவம் சின்னது. கன்னேரிமுக்கு பங்களாவைச் சரிசெய்து காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை அங்கே கூட்டிப் போனேன். பத்து நிமிஷத்தில் பார்த்து முடித்து, "இவ்வளவுதானா?" என்றார்கள். வெளியே வந்தபோது பக்கத்து ஹட்டியில் (படுகர் ஊர்) இருக்கும் பாட்டி ஒருவர் தலையில் வெள்ளைத் துண்டு கட்டிக்கொண்டு கேரட் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். அந்தக் குடும்பத்துப் பையன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டான். பாட்டி ஒரு கேரட்டை முந்தானையில் துடைத்துக் கொடுத்தார். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினார்கள், அவர் படுகு மொழியில், அவன் தமிழில். வீட்டார் வண்டியில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அவன் எழுந்திருக்கவில்லை.

கோத்தகிரியில் பெரிய ஹோட்டல்கள் குறைவு. அதனால்தான் அமைதி. சேலத்து அம்மாவுக்கு என் ஓட்டு இங்கே.

மாணிக்கவாயில்:

யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியா போன கதை. அங்கே 1876இல் தொடங்கிய ஹில் கிளப் இருக்கிறது, தெரிந்திருக்கும். இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். இல்லாதவர்களுக்கு அவர்களே இரவல் தருவார்கள். நானும் கேட்டேன். டை கட்டத் தெரியாமல் கண்ணாடி முன்னால் நின்றபோது பரிமாறுகிற ஐயா ஒருவர் வந்தார். அதுவரை எல்லோரும் ஆங்கிலத்தில்தான் கதைத்தார்கள். அவர் கிட்ட வந்து மெல்ல, "நிமிந்து நில்லுங்க தம்பி" என்றார். கழுத்துப்பட்டியைத் தூக்கி, முடிச்சைப் போட்டு, இரண்டு விரலால் இழுத்துச் சரிபார்த்தார். அம்மா கொழுந்து எடுக்கிறவவாம், வீடு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்). நான் மேசைக்குப் போனதும் அவர் மறுபடி ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார், "குட் ஈவினிங் சார்" என்று. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவரைக் கூப்பிட்டுத் தமிழில் கதைக்கலாமா, அவருக்கு அது வேலையில் தொந்தரவாகுமா என்று யோசித்தே இரவு முடிந்தது.

ஊர் வடிவான ஊர். சிவப்புச் செங்கல் தபால் கந்தோரைப் பார்க்காமல் வராதீர்கள். அதை ஹோட்டலுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று 2023இல் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். கந்தோராகவே இருக்கட்டும் என்பதுதான் என் ஆசையும். ஏப்ரல் சீசனில் போகாதீர்கள், கிரகரி வாவியைச் சுற்றி நடக்கவே இடம் இருக்காது.

பழநி சாலை:

கொடைக்கானலைப் பற்றி யாரும் எழுதவில்லையே. கோக்கர்ஸ் வாக் பக்கம் ஒரு பழைய கல்வீடு, அறை அருமை, கட்டில் அருமை. பக்கத்துக் கட்டடத்தில் சனி ராத்திரி நெருப்பு மூட்டி, ஸ்பீக்கர் வைத்து, ஒரு மணி வரைக்கும் ஆட்டம். கல்சுவர் அவ்வளவு தடிமன், அதையும் மீறிக் கட்டில் அதிர்ந்தது. தண்ணீர் டம்ளரில் வட்டம் வட்டமாக அலை போனதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். பழைய வீட்டைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, பக்கத்தில் என்ன இருக்கிறதென்று வரைபடத்தில் பாருங்கள்.

பட்லர் பேரன்:

நான் குன்னூரில் பிறந்தவன், இப்போது பெங்களூரு. என் தாத்தா ஒரு பங்களாவில் பட்லர். அந்த பங்களா இப்போது தங்கும் விடுதி. என் மனைவியின் பிறந்தநாளுக்கு அங்கேயே அறை எடுத்தேன்.

அந்தக் காலத்து பங்களாக்களில் சமையல்கட்டு வீட்டோடு இருக்காது. தாத்தா அதைக் குசினி என்பார். பின்னால் தனிக் கட்டடம், அங்கிருந்து சாப்பாட்டு அறை வரைக்கும் தகரம் போட்ட நடை. மழை நாளில் சூப்புக் கிண்ணத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அந்த நடையில் ஓடியதைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார். முன்வாசல் வழியாக அவர் ஒருநாளும் நுழைந்ததில்லை.

நாங்கள் முன்வாசல் வழியாகப் போனோம். சாப்பாட்டு அறையில் உட்கார வைத்தார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, எழுந்து பின்பக்கம் போனேன். தகரம் போய் இப்போது கண்ணாடிக் கூரை, நடை முழுக்க பூந்தொட்டி. குசினியில் மசாஜ் செய்கிறார்கள். ஆனால் தரை அதே தரை. சிவப்பு சிமெண்டு, ஓரமாக ஆள் நடந்து நடந்து தேய்ந்த ஒரு பள்ளம். அதில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். மேலாளர் ஓடி வந்து, "சார், ஏதாவது வேணுமா?" என்று கேட்டார். சொன்னேன். நல்ல மனிதர், நாற்காலி போட்டு உட்கார வைத்து முழுக்கக் கேட்டார். கடைசியில், "தாத்தா படம் இருந்தா கொடுங்க சார், சாப்பாட்டு அறையில் மாட்டலாம்" என்றார். அந்தச் சுவரில் இப்போது மாட்டியிருப்பது துப்பாக்கியோடு நிற்கும் துரைமார் படங்கள்.

படம் என்னிடம் இருக்கிறது. கொடுக்கலாமா என்று அப்பாவைக் கேட்டேன், அவர் பதில் சொல்லவில்லை. உங்களைக் கேட்கிறேன்.

டிம்பட்டி:

கொடுக்காதீர்கள். அறை வாடகையை ஏற்ற அவர்களுக்கு இன்னொரு கதை கிடைக்கும், அவ்வளவுதான்.

சேலத்துக்காரி:

கொடுங்கள் என்று தோன்றுகிறது. எங்களுக்கு உண்மையைச் சொன்ன பெட்டி தூக்கும் பெரியவரின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை, அங்கே எந்தச் சுவரிலும் அவரைப் போன்ற ஒருவர் இல்லை. லவ்டேல்காரருக்கு நன்றி. படிக்கணக்கு, அன்றைக்கு எடுத்த படம் இரண்டையும் குன்னூரில் ஓர் இடத்தில் கேட்டேன். உடனே அனுப்பினார்கள், நான்கே படிதான். கணப்பு கூடத்தில் மட்டும் எரியுமாம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

லவ்டேல் பக்கம்:

நான்கு படி நல்லது. கூடத்துக் கணப்பு அறையிலிருந்து எவ்வளவு தூரம், ராத்திரி எத்தனை மணி வரைக்கும் எரியும் என்பதையும் கேட்டுவிடுங்கள். மே மாதத்தில் ஊர் திரும்பினால் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத்தான் இறக்கிவிடுவார்கள், அதற்கேற்ப நேரம் ஒதுக்குங்கள்.

பட்லர் பேரனுக்கு: கொடுங்கள், ஆனால் மூலப் படத்தைக் கொடுக்காதீர்கள், நகல் போதும். தாத்தாவின் முழுப் பெயர், ஊர், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை அங்கே வேலை பார்த்தார் என்பதெல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் கீழே இருக்க வேண்டும். 'பழைய பட்லர்' என்று மட்டும் போட்டால் கழற்றி வாங்கிக்கொள்வேன் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாட்டுகிற அன்றைக்கு உங்கள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.