குன்றுகளின் மேல் ஒரு குடும்ப நடை: காபிக்கு எங்கே நிற்பது?

வழிப்போக்கி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக ஐந்து பேர் கிராமப்புறக் குன்றுகளின் வழியே ஒரு வட்டப்பாதையை நடந்து முடிக்கலாம் என்று இருக்கிறோம். நானும் கணவரும், 11 வயது மகளும் 7 வயது மகனும், 68 வயதாகும் என் அத்தையும் (கணவரின் அம்மா) வருகிறோம். பாதையின் நீளம் 9 கிலோமீட்டர். மிக உயரமான இடமே புறப்படும் இடத்தைவிட 140 மீட்டர்தான் மேலே இருக்கிறது என்பதால் எளிய நடை என்றே முதலில் நினைத்தேன். வரைபடத்தை விரித்து விரலை வைத்துப் பாதையைத் தொடர்ந்தபோதுதான் மூன்று குன்றுகளை ஏறி இறங்க வேண்டியிருப்பது தெரிந்தது. முதலில் 140 மீட்டர் ஏற்றம், 80 மீட்டர் இறக்கம். அடுத்து 70 ஏற்றம், 90 இறக்கம். கடைசியாக 60 ஏற்றம், 100 இறக்கம்.

இரண்டாம் குன்றுக்கும் மூன்றாம் குன்றுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில், 6ஆவது கிலோமீட்டரில், ஒரு காபிக் கடை இருக்கிறது. எதிர்த்திசையில் சுற்றினால் அதே கடை 3ஆவது கிலோமீட்டரில் வந்துவிடும். மகன் அடிக்கடி உட்காரக் கேட்பான். அத்தைக்கு ஏறுவதில் சிரமமில்லை, இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கிறது. எந்தத் திசையில் போவது நல்லது? மொத்தம் எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

மேட்டுப்பாதை

நேரத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். மேடும் பள்ளமுமான நிலத்தில் உச்சியின் உயரத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஏறிய மீட்டர்களையெல்லாம் கூட்டிப் பார்க்க வேண்டும். உங்கள் பாதையில் 140, 70, 60 சேர்ந்து 270 மீட்டர் ஆகிறது. இது நீங்கள் நினைத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி 9 கிலோமீட்டருக்கு 108 நிமிடமும் 270 மீட்டர் ஏற்றத்துக்கு 27 நிமிடமும் சேர்ந்து 2 மணி 15 நிமிடம் வருகிறது. ஆனால் அது நல்ல உடல்வலு உள்ள பெரியவர் நிற்காமல் நடக்கும் கணக்கு. சிறுவனும் மூத்தவரும் உடன் வரும்போது நான் எப்போதும் பாதி நேரத்தைக் கூட்டிக்கொள்வேன். அப்போது நடைக்கு மட்டுமே சுமார் 3 மணி 20 நிமிடம் ஆகிறது. நிற்பதையும் சேர்த்து நான்கரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகும் வெளிச்சம் மிச்சமிருக்கும்படி காலையிலேயே புறப்படுங்கள்.

இன்னொன்று: வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியவர் உங்கள் மகன்தான். அவனை வரிசையில் முன்னால் விடுங்கள். பின்னால் விட்டால், மற்றவர்கள் நின்று காத்திருந்து அவன் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பிவிடுவார்கள். களைத்தவனுக்குத்தான் ஓய்வே கிடைக்காது.

சாரல்

நான் எதிர்த்திசையைத்தான் சொல்வேன். எங்கள் வீட்டு நடையில் கடையை முக்கால்வாசிப் பாதைக்கு அப்பால் வைத்துத் திட்டமிட்டோம். பாதி வழியிலேயே இளையவள் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, இனி ஓர் அடியும் எடுத்து வைக்க மாட்டேன் என்று அழுதாள். கடைசியில் அவள் அப்பா தூக்கிக்கொண்டு நடந்தார். குழந்தைகளுக்கு, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஓர் இடம் இருந்தால்தான் கால் நகரும். 3ஆவது கிலோமீட்டரில் கடை என்றால் அவனுக்கு முதல் ஒரு மணி நேரத்தைச் சொல்லிப் புரியவைத்துவிடலாம். கழிப்பறையும் அங்கேதான் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

இளவேனில்

சாரல் சொல்வது பிள்ளைகளைப் பொறுத்தவரை முழுக்கச் சரி. ஆனாலும் நான் அதை ஏற்கவில்லை, காரணம் அந்த அம்மாவின் முழங்கால். எதிர்த்திசையில் போனால் அந்த 140 மீட்டரும் கடைசி இறக்கமாகிவிடும். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குகிறது, ஏறுவதைவிட முழங்காலில் அழுத்தமும் கூடுகிறது. தசை களைத்துப்போன கடைசிக் கிலோமீட்டரில் அவரை நீளமான சரிவில் இறக்குவது சரியல்ல.

வரைபடத்தில் ஒன்றைப் பாருங்கள்: முதல் குன்றின் புறப்படும் பக்கத்திலும் மூன்றாம் குன்றின் வெளிப்பக்கத்திலும் சமவுயரக் கோடுகள் எப்படி இருக்கின்றன? கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் மெல்லிய சரிவு. செங்குத்தானதை ஏற்றமாகவும் மெல்லியதை இறக்கமாகவும் வைத்துக்கொள்வதே அவருக்கு ஏற்றது. இரண்டு ஊன்றுகோல்களைக் கையில் கொடுங்கள். இறங்கும்போது அவற்றைச் சற்று நீட்டி, முன்னால் ஊன்றி, சிற்றடிகளாக வைத்து நடக்கச் சொல்லுங்கள்.

வழிப்போக்கி

பார்த்துவிட்டேன். முதல் குன்றின் பக்கம் கோடுகள் ஒன்றையொன்று தொட்டுவிடும்போல் இருக்கின்றன. கடைசி இறக்கத்தில் விரலளவு விலகியிருக்கின்றன. அப்படியானால் முதலில் நினைத்த திசையே நல்லது என்று புரிகிறது. ஆனால் கடைவரை மகனை எப்படி நடக்க வைப்பது?

மேட்டுப்பாதை

காபி கடையில்தான் கிடைக்க வேண்டும் என்று ஏன் வைத்துக்கொள்கிறீர்கள்? முதல் முகட்டில் ஃபிளாஸ்க்கைத் திறந்தால் அதுவே முதல் நிறுத்தம். நெய்ஸ்மித் தன் கணக்கை வகுத்த அதே 1892இல்தான், திரவமாக்கிய வாயுக்களைக் குளிராக வைத்திருப்பதற்காக ஜேம்ஸ் டியூவர் வெற்றிடக் குடுவையை உருவாக்கினார் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் ஒற்றுமை.

கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் ஃபிளாஸ்க்கைச் சூடாக்கி, அதைக் கொட்டிவிட்டுப் பிறகு நிரப்புங்கள். பாதி மட்டும் நிரப்பினால் விரைவில் ஆறிவிடும். போட்ட காபி பல மணி நேரம் சூட்டிலேயே இருந்தால் கசப்பேறும் என்பதால் நான் வெந்நீரை மட்டும் எடுத்துச் சென்று, உடனடிக் காபித் தூளை அங்கேயே கலக்குவேன். பிள்ளைகளுக்கு அதே வெந்நீரில் சூடான சாக்லேட் கலந்து கொடுக்கலாம்.

முகட்டின் உச்சியில் உட்காராதீர்கள். வியர்வையில் நனைந்த சட்டையோடு காற்றில் உட்கார்ந்தால் சில நிமிடங்களிலேயே உடல் குளிர்ந்துவிடும். காற்று வராத பக்கமாகப் பத்தடி கீழே இறங்கி, குளிர்வதற்கு முன்பே மேலாடையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சாரல்

இப்படி இரண்டு நிறுத்தங்கள் என்றால் நானும் உங்கள் திசைக்கே வந்துவிடுகிறேன். ஆனால் அன்று காலை கடைக்குத் தொலைபேசியில் பேசி, திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். மூடிய கதவின் முன்னால் 7 வயதுக் குழந்தையை நிறுத்துவது பெரிய கொடுமை. வழியில் கதவு வைத்த வேலிகள் வந்தால், திறந்திருந்ததைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியபடியும் விட்டுச் செல்லுங்கள். மேயும் கால்நடைகள் அதை நம்பித்தான் இருக்கின்றன.

வழிப்போக்கி

போய் வந்துவிட்டோம், உதவிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. எட்டு மணிக்குப் புறப்பட்டு, முதல் முகட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு கல்சுவரின் மறைவில் ஃபிளாஸ்க்கைத் திறந்தோம். மூடியில் ஊற்றிய காபியை அத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, ஆவி முகத்தில் படும்படி சிறிது நேரம் குடிக்காமலேயே வைத்திருந்தார். மகன் தன் கோப்பையை முடித்துவிட்டு, வரைபடத்தில் அடுத்த வேலிக் கதவைத் தேடத் தொடங்கிவிட்டான்; அதன்பின் அவனைப் பிடித்து நிறுத்துவதுதான் வேலையாக இருந்தது. கடைக்கு 10.50க்குச் சென்று சேர்ந்தோம், அங்கே அரை மணிக்கு மேல் உட்கார்ந்திருந்தோம், பன்னிரண்டரைக்கெல்லாம் வண்டிக்குத் திரும்பினோம்.

மறுநாள் காலை மாடிப்படி இறங்கி வந்த அத்தை, வலி தொடையில்தான் இருக்கிறது, முழங்காலில் இல்லை என்று சொன்னார்.

இளவேனில்

நல்ல செய்தி. பழகாத இறக்கத்துக்குப் பிறகு தொடைத் தசையில் அப்படித்தான் வலிக்கும். சில நாள்கள் இருந்து தானே அடங்கிவிடும். அதுவரை வீட்டுக்குள் மெல்ல நடமாடச் சொல்லுங்கள்.