நாகத் தகடும் அந்த 300உம்

காரைக்காற்று: அம்மாவின் கை முறிந்து தகடு வைத்தது போன வருடம். இப்போது அதைக் கழற்ற இன்னொரு ஒப்பரேஷன். இனி இந்தக் கரைச்சல் இருக்காது. நாகம் என்ற உலோகத்தில் தகடு செய்கிறார்கள், எலும்பு பொருந்தினதும் உடம்புக்குள்ளேயே கரைந்துவிடும். இழுத்தால் அறாமல் தாங்குகிற பலமும் 300 மெகாபாஸ்கலைத் தாண்டிவிட்டது. டைட்டானியம் இனி மூட்டை கட்டலாம்.

சுன்னாகம் மாஸ்டர்: தம்பி, விடியக்காலையில் ஏன் இந்தப் பகிடி? அந்த 300 எங்கிருந்து வந்தது தெரியுமோ? இதயக் குழாய்க்குள் வைக்கிற ஸ்டென்டுக்குச் சொல்கிற அளவு அது. கூடவே அறுமுன் 15 முதல் 18 சதவீதம் நீளவும் வேண்டும். எலும்புத் தகட்டுக்கு யார் 300 சொன்னது? வழக்கமான டைட்டானியக் கலப்புலோகம் 900 பக்கம் நிற்கிறது. 300ஐக் கையில் வைத்துக்கொண்டு 900ஐ வழியனுப்புகிறீர்.

பனங்கிழங்கு: மாஸ்டர், வார்த்த தூய நாகம் 30ஐச் சுற்றித்தான் வரும். அதற்குள் இலிதியம் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகச் சேர்த்து, அச்சுத் துளைக்குள்ளால் நெருக்கித் தள்ளி எடுத்தால் 500ஐத் தாண்டுகிறது. 2020இல் கட்டுரையே வந்துவிட்டது. நீங்கள் இன்னும் கரும்பலகையில் நிற்கிறீர்கள்.

சுன்னாகம் மாஸ்டர்: கேட்டது 300 பற்றி. 500க்கு ஏன் தாவுகிறீர்?
சரி, 500 என்றே வைப்போம். நாகம் உருகுவது ஏறக்குறைய 420 பாகையில். நமக்கு அறை வெப்பநிலை, அதற்கு அது அடுப்பங்கரை. நெரித்து ஏற்றின பலம் அலுமாரியில் கிடக்கும்போதே மாறத் தொடங்கும். ஒரே பாரத்தில் விட்டால் மெல்ல மெல்லத் தொய்யும். இறுக்கின திருகாணி ஆறு மாதத்தில் எப்படி இருக்கும்? ஆய்வுகூடத்தில் அன்றைக்கே இழுத்துப் பார்த்த எண்ணைக் கொண்டுவந்து எனக்குக் காட்டவேண்டாம்.

மயிலாப்பூர் மணி: ஒரு சந்தேகம். நாகம்னா துத்தநாகம்தானே? பாம்பை ஏன் கைக்குள்ள வைக்கிறீங்கன்னு பயந்துட்டேன்.

நெல்லியடி நக்கீரன்: எங்கள் இரசாயனவியல் புத்தகத்தில் நாகம்தான். பாம்பென்றால் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் போங்கோ.

மயிலாப்பூர் மணி: துத்தநாகம் என்று எழுதினால் குழப்பமே இல்லையே.

நெல்லியடி நக்கீரன்: உங்களுக்குக் குழப்பம் என்பதற்காக நாங்கள் ஏன் பெயரை மாற்றவேண்டும்? மகனீசியத்தையும் திருத்துவீர்களோ?

ஸ்கார்பரோ சின்னவன்: நல்லவேளை மகனீசியத்தை எடுத்தீர்கள். அதில் செய்த திருகாணிக்கு ஐரோப்பாவில் 2013இலேயே அனுமதி கிடைத்தது. கெதியில் கரையும், ஐதரசன் வாயுவும் வரும், அதுதான் சிக்கல். இரும்பு வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். நாகம் நடுவில் நிற்கிறது. அதற்காகத்தான் இத்தனை பேர் மெனக்கெடுகிறார்கள், மாஸ்டர்.

சுன்னாகம் மாஸ்டர்: நடுவில் நிற்பது கரையும் வேகம். நான் கேட்பது 300.

காரைக்காற்று: போன மாதம் கிணற்றுத் தண்ணீர் நைத்திரேற்று பற்றிக் கதைத்தபோதும் இப்படித்தான். ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு நாலு நாள் ஒருவரையும் வாய் திறக்க விடவில்லை.

சுன்னாகம் மாஸ்டர்: அந்த எண்ணும் பிழைதான். நீர்தான் எழுதியது.

வேப்பம்பூ: எல்லோரும் பலத்தைப் பற்றியே கதைக்கிறீர்கள். இவ்வளவு நாகம் உடம்புக்குள் கரைந்தால் நஞ்சாகாதா?

பனங்கிழங்கு: கணக்குப் போடுங்கோ அக்கா. 5 கிராம் தகடு இரண்டு வருடத்தில் கரைந்தால் நாளுக்கு 7 மில்லிகிராம். வளர்ந்தவருக்குச் சாப்பாட்டிலேயே 8 முதல் 11 வேண்டும். மேல் எல்லை 40.

சுன்னாகம் மாஸ்டர்: வாய்க்கால் கணக்கைப் பாத்திக்குப் போடாதீர். 7 மில்லிகிராமை முழு உடம்புக்கும் பங்கு வைக்கிறீர். தகட்டை ஒட்டின எலும்பின் உயிர்க்கலம்தான் முதலில் குடிக்கிறது. இரண்டு வருடமும் ஒரே அளவாய்க் கரையும் என்று எழுதித் தந்தது யார்? குருநகர்ப் பக்கம் போய்ப் பாரும், உப்புக்காற்றில் கூரைத் தகரத்து நாகப்பூச்சு இடத்துக்கிடம் ஒவ்வொரு மாதிரித் தின்னப்பட்டிருக்கும். இரத்தத்திலும் உப்பு உண்டு. ஓரிடத்தில் குழி விழுந்தால் உமது 500 என்ன, 300 என்ன?

ஸ்கார்பரோ சின்னவன்: அம்மாவின் கையைக் கூரையாக்கிவிட்டார்.

காரைக்காற்று: அதுதானே. வீட்டில் ஒருவருக்குக் கத்தி வைத்தால்தான் தெரியும்.

சுன்னாகம் மாஸ்டர்: அம்மாவை இதற்குள் இழுக்கவேண்டாம். 300 யாருக்கான அளவு? இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பனங்கிழங்கு: ஸ்டென்டுக்கு என்று நீங்களேதானே முதலில் சொன்னீர்கள்!

சுன்னாகம் மாஸ்டர்: நான் சொன்னது வேறு. அதைக் காரைக்காற்று சொல்லவேண்டும்.

மயிலாப்பூர் மணி: துத்தநாகம்.