மடக்கு மூடிக்கு அலுமினிய டை: கேட் எங்கே வைக்கலாம்?

வணக்கம் நண்பர்களே. வயதானவர்கள் விரல் வலிக்காமல் திறக்கும் மாத்திரைப் பெட்டி ஒன்றைக் கோவையில் உருவாக்கி வருகிறோம். பெட்டியும் மூடியும் ஒரே துண்டு, நடுவில் 0.3 மி.மீ. கனத்தில் மடக்கும் கீல். மெட்டீரியல் பாலிப்ரொப்பிலீன், சுவர் கனம் 1.5 மி.மீ.

த்ரீடி பிரிண்டில் அளவும் பிடிமானமும் சரியாக வந்துவிட்டன. கீல் மட்டும் சில மடக்கிலேயே அடுக்கு பிரிந்து உடைகிறது. இது எதிர்பார்த்ததுதான். டையில், அதாவது வார்ப்பு அச்சில், செலுத்தும் உருகிய பிளாஸ்டிக் அந்த மெல்லிய இடுக்கைக் கடக்கும்போது மூலக்கூறுகள் ஓட்டத்தின் திசையில் நீள்கின்றன, உடனே மடக்கிவிட்டால் இன்னும் நீள்கின்றன. கீலின் உழைப்பே அதில்தான் இருக்கிறது. பிரிண்டில் அது வராது. அதனால் ஒற்றைக் கேவிட்டியில் (ஒரு தடவைக்கு ஒரு பெட்டி மட்டும் வரும்படி) அலுமினிய டை போடப் போகிறோம்.

இங்கேதான் உங்கள் அனுபவம் வேண்டும். மூடி நிரம்பாமல் போகலாம் என்று டை டிசைனர் பெட்டி, மூடி இரண்டு பக்கமும் கேட் (பிளாஸ்டிக் டைக்குள் நுழையும் வாய்) வைக்கச் சொல்கிறார். அப்படிச் செய்தால் இரு ஓட்டங்களும் கீலுக்குப் பக்கத்தில் சந்தித்து, வெல்டு லைன் (ஓட்டங்கள் ஒட்டும் பலவீனமான கோடு) அங்கேயே விழுந்துவிடுமே! பெட்டிப் பக்கம் மட்டும் கேட் வைத்து மூடியை முழுதாக நிரப்பியவர்கள் இருக்கிறீர்களா? எந்த மெல்ட் ஃப்ளோ கிரேடு (உருகியபின் எவ்வளவு எளிதாக ஓடும் என்ற தரம்) எடுத்தீர்கள்?

அப்புறம், பாலிப்ரொப்பிலீன் 1 முதல் 2.5 சதவீதம் வரை சுருங்கும். மூடியின் லாக் 'டக்'கென்று விழ வேண்டும் என்பதால், டையில் லாக் பகுதியைத் தனி இன்செர்ட்டாக (கழற்றி மாட்டும் துண்டாக) செய்து பிறகு திருத்திக்கொள்ள நினைக்கிறேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், படம் அனுப்புகிறேன்.