வார்சாவில் வயிற்றால் இறங்கிய விமானம்: கேப்டனைக் கொண்டாடியது சரியா?

வான்நோக்கி:

2011 நவம்பர் 1 அன்று வார்சாவில் நடந்த தரையிறக்கத்தின் வீடியோவை நேற்று மறுபடியும் பார்த்தேன். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். போலந்தின் லாட் நிறுவனத்தின் 16ஆம் எண் விமானம், போயிங் 767, அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து கிளம்புகிறது. அரை மணி நேரத்தில் நடு ஹைட்ராலிக் அமைப்பின் (எண்ணெய் அழுத்தத்தால் சக்கரங்களை இறக்குவது இதுதான்) எண்ணெய் ஒழுகிப் போகிறது. அட்லாண்டிக்கைத் தாண்டி வார்சா வந்து சக்கரங்களை இறக்கப் பார்த்தால் இறங்கவில்லை. மாற்று வழியிலும் இறங்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் வட்டமடிக்கிறார்கள். இரண்டு எஃப்-16 போர் விமானங்கள் பக்கத்தில் பறந்து வந்து, சக்கரம் எதுவும் வெளியே வரவில்லை என்று பார்த்துச் சொல்கின்றன. கீழே ஓடுபாதையில் நுரை அடித்து வைக்கிறார்கள். கடைசியில் கேப்டன் ததேயுஷ் வ்ரோனா அத்தனை பெரிய விமானத்தை வயிற்றால் இறக்குகிறார். உள்ளே இருந்தது 231 பேர். ஒருவருக்கும் காயம் இல்லை.

அந்த வீடியோவில் சிறகுகளை மட்டும் பாருங்கள். கொஞ்சம்கூடச் சாயவில்லை. ஒரு பக்க இன்ஜின் முதலில் உரசியிருந்தால் விமானம் அந்தப் பக்கம் திரும்பிச் சுழன்றிருக்கும். இங்கே தீப்பொறி பறக்க நேராக வழுக்கிக்கொண்டு போய் நிற்கிறது. வ்ரோனா கிளைடர் ஓட்டிப் பழகியவர். இன்ஜின் இல்லாத விமானத்தை இறக்குகிற கைக்குத்தான் இந்த நிதானம் வரும் என்று நினைக்கிறேன். (போலிஷ் மொழியில் வ்ரோனா என்றால் காகம்.) இவ்வளவுக்குப் பிறகும் “ஒரு பட்டனை அமுக்கியிருந்தால் போதும், இவருக்கு எதற்கு விருது” என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் மனம் கொதிக்கிறது.

லோகோ சேகர்:

அப்படி எழுதுகிறவர்களில் நானும் ஒருவன், தம்பி. தரையிறக்கத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் என் கேள்வி.

27 வருடமாக ரயில் ஓட்டுகிறேன். இப்போது ஓட்டுவது த்ரீ ஃபேஸ் மின்சார லோகோ. பொம்மிடி தாண்டி ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் என் அசிஸ்டென்ட் டார்ச்சை எடுத்துக்கொண்டு மெஷின் ரூமுக்குள் ஓடுவான். எஸ்.பி. 1, எஸ்.பி. 2 என்ற மின் பெட்டிகளைத் திறந்து எந்த எம்.சி.பி. (கோளாறு வந்தால் மின்சாரத்தை வெட்டிவிடும் சுவிட்ச்) விழுந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்ப்பான். கண்ணை நம்பாதே, விரலை நம்பு என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சொல்வார். கோளாறு பார்க்கும் கையேடு எப்போதும் பையில் இருக்கும். இதெல்லாம் செய்யாமல் உதவி இன்ஜின் கேட்டால் மறுநாள் ஆபீஸில் நின்று பதில் சொல்ல வேண்டும்.

வார்சாவில் என்ன நடந்தது? விமானத்தை ஓடுபாதையிலிருந்து தூக்கி நிறுத்திய பிறகு காக்பிட்டில் சி829 என்ற சர்க்யூட் பிரேக்கர் (எங்கள் எம்.சி.பி. மாதிரிதான்) வெளியே தள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்கள். அதை உள்ளே அமுக்கி, மாற்று வழி ஸ்விட்சைப் போட்டார்கள். சக்கரங்கள் ஒழுங்காக இறங்கின. அவ்வளவுதான் விஷயம். அந்த பிரேக்கரை யாராவது ஒருவர் பார்த்திருந்தால் 231 பேர் தலையைக் குனிந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்க வேண்டாம். விமானமும் பழைய இரும்புக்குப் போயிருக்காது.

ஹேங்கர் தாஸ்:

சேகர் அண்ணே, நான் விமானப் பராமரிப்பில் இருக்கிறவன். வளைகுடாவில் 767இல் வேலை பார்த்திருக்கிறேன். நீங்கள் சொன்ன சம்பவம் சரி. ஆனால் அந்த பிரேக்கர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் இவ்வளவு வேகமாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டீர்கள்.

767இல் மாற்று வழி என்பது முழுக்க மின்சாரம். ஸ்விட்சைப் போட்டால் ஒரு சின்ன மோட்டார் ஓடி, சக்கரங்களை மேலே பிடித்து வைத்திருக்கும் பூட்டுகளை விடுவிக்கும். பிறகு சக்கரங்கள் தங்கள் கனத்தாலேயே கீழே விழுந்து பூட்டிக்கொள்ளும். அந்த மோட்டாருக்கென்று தனியாக ஒரு பிரேக்கர் உண்டு. அது உள்ளேதான் இருந்தது, சரியாக இருந்தது. வெளியே வந்திருந்தது அதற்கும் மேலே, வேறு பல கருவிகளுக்கும் சேர்த்து மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற பிரேக்கர். அதன் பெயர்ப்பட்டையில் லேண்டிங் கியர் (சக்கர அமைப்பு) என்ற சொல்லே கிடையாது.

அது இருக்கும் இடம் துணை விமானியின் இருக்கைக்குப் பின்னால், பேனலின் கீழ்க் கோடி வலது மூலை. தரையிலிருந்து சற்றே மேலே. பிரேக்கர் என்பது விரல் நுனி அளவு கறுப்புக் குமிழ். தலையில் எத்தனை ஆம்பியர் என்று எண் இருக்கும். வெளியே வந்தால் அடியில் வெள்ளை வளையம் தெரியும், அவ்வளவுதான். அந்தச் சுவர் முழுக்க வரிசை வரிசையாக இதே குமிழ்கள். நான் அந்த மூலையைச் சோதிக்கும்போது முட்டி போட்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றி, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துத்தான் பார்ப்பேன். அப்போதுதான் நிழல் விழும், எது துருத்திக்கொண்டிருக்கிறது என்று தெரியும். நேரே அடித்தால் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

காலோ பையோ இடித்தாலே வெளியே வந்துவிடக்கூடிய இடம் அது. காப்பு எதுவும் வைக்காமல் விட்டது வடிவமைப்பின் குறை.

குமரவேல்:

ஒரு சந்தேகம். ஹைட்ராலிக் போனது கிளம்பிய அரை மணி நேரத்தில் என்கிறீர்கள். அப்போதே நியூவார்க்குக்குத் திரும்பாமல் எதற்காகக் கடலைத் தாண்டினார்கள்?

ஹேங்கர் தாஸ்:

767இல் இடது, நடு, வலது என்று மூன்று ஹைட்ராலிக் அமைப்புகள். நடு அமைப்பு போனாலும் மற்ற இரண்டும் விமானத்தைப் பறக்க வைக்கும். உடனே இறங்கு என்று அந்தக் கோளாறுக்கான செக்லிஸ்ட் சொல்வதில்லை. எரிபொருள் நிறைந்த விமானம் வேறு, கனம் அதிகம். கம்பெனியிடம் கேட்டுத்தான் தொடர்ந்தார்கள். இந்த முடிவில் எனக்குக் குறை தெரியவில்லை.

லோகோ சேகர்:

தாஸ், நீங்கள் சொல்லச் சொல்ல என் பக்கம்தான் பலமாகிறது. இறங்கும்போது மாற்று வழியைத்தான் நம்பியிருக்கப் போகிறோம் என்று அட்லாண்டிக்கின் மறுகரையிலேயே தெரியும். இருக்கிற ஒரே வழி மின்சாரம் என்றும் தெரியும். அப்படியானால் அந்த மின்சாரம் வருகிற பாதை முழுவதையும் வழியிலேயே சோதித்திருக்க வேண்டாமா? முட்டி போடத்தான் வேண்டும் என்றால் முட்டி போட வேண்டியதுதானே? எங்கள் லோகோவிலும் மெஷின் ரூம் ஒன்றும் வரவேற்பறை இல்லை. சூடு, சத்தம், ஒரு ஆள் பக்கவாட்டில் மட்டும் நுழையக்கூடிய சந்து.

வான்நோக்கி:

சேகர் சார், விமானம் பொம்மிடி தாண்டி நிற்காது! அதுதான் வித்தியாசம். உங்கள் வண்டி நின்ற பிறகு நீங்கள் தேடுகிறீர்கள். அவர்கள் பறந்துகொண்டே தேட வேண்டும், எரிபொருள் தீர்ந்துகொண்டே இருக்கும்.

1972 டிசம்பர் 29, மயாமி. ஈஸ்டர்ன் 401. மூக்குச் சக்கரம் இறங்கியதைக் காட்டும் பல்பு எரியவில்லை. காக்பிட்டில் இருந்த எல்லோரும் அந்தப் பல்பையே நோண்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோபைலட் உயரத்தைப் பிடிக்காமல் விட்டதை ஒருவரும் கவனிக்கவில்லை. விமானம் மெல்ல இறங்கி எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்தது. நூறு பேருக்கு மேல் போனார்கள். 1978 டிசம்பர் 28, போர்ட்லாண்டில் யுனைடெட் 173. சக்கரக் கோளாறை ஆராய்ந்துகொண்டே சுற்றினார்கள். எரிபொருள் தீர்ந்து புறநகரில் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். அங்கேயும் சக்கரம் ஆளைக் கொல்லவில்லை. சக்கரத்தைத் தேடியதுதான் கொன்றது.

வ்ரோனாவும் துணை விமானி யெர்ஷி ஷ்வார்ட்ஸும் இதைத் தெரிந்தவர்கள். ஒரு கட்டத்தில் தேடுவதை நிறுத்திவிட்டு இறங்குவதற்குத் தயாரானார்கள். அந்த முடிவுதான் 231 பேரையும் காப்பாற்றியது.

லோகோ சேகர்:

நல்ல உதாரணங்கள். ஆனால் யுனைடெட் 173க்குப் பிறகு விமான உலகம் என்ன கற்றுக்கொண்டது? காக்பிட்டில் வேலையைப் பிரித்துக்கொள்ளப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் தேட. வார்சாவில் இரண்டு பேர் இருந்தார்கள். ரேடியோவில் தரையில் இருந்த தொழில்நுட்ப ஆட்களும் இருந்தார்கள். அத்தனை பேர் கண்ணிலிருந்தும் ஒரு குமிழ் தப்பியிருக்கிறது.

வயிற்றால் இறங்குவது ஏதோ சர்க்கஸ் என்பது போலச் சிலர் பேசுகிறார்கள். 2024 டிசம்பர் 29 அன்று தென் கொரியாவின் முவானில் ஜேஜு ஏர் விமானம் அப்படித்தான் சக்கரம் இல்லாமல் இறங்கி வழுக்கிக்கொண்டு போனது. ஓடுபாதைக்கு அப்பால் இருந்த கான்கிரீட் மேட்டில் மோதி 179 பேர் இறந்தார்கள். பிழைத்தது இரண்டு பேர். அது வேறு விபத்து, வேறு காரணம், அதைக் குழப்பவில்லை. வயிற்றால் இறங்கினால் முடிவு நம் கையில் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று. 2010 ஏப்ரலில்தான் ஸ்மோலென்ஸ்கில் விமானம் விழுந்து போலந்தின் குடியரசுத் தலைவர் உட்பட 96 பேர் இறந்திருந்தார்கள். ஒன்றரை வருடம் கடந்தும் ஆறாத காயம். அந்த நாட்டுக்கு ஒரு நல்ல சேதி தேவைப்பட்டது. நவம்பர் 1 அங்கே கல்லறைகளுக்குப் போய் விளக்கேற்றுகிற நாள், அன்றைக்கு 231 பேர் உயிரோடு இறங்கினார்கள். கொண்டாட்டம் புரிகிறது. குடியரசுத் தலைவர் விருது கொடுத்ததும் புரிகிறது. ஆனால் அந்தச் சத்தத்தில் சி829 அமுங்கிப் போகக் கூடாது.

நித்யா:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை அன்று மாலை, திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் என் அண்ணன் இருந்தான். அதிலும் ஹைட்ராலிக் கோளாறு. எரிபொருளைக் குறைக்க இரண்டரை மணி நேரம் புதுக்கோட்டை பக்கம் வட்டமடித்தார்கள். 5.40 மணி வாக்கில் கிளம்பியது 8.15க்கு மறுபடியும் திருச்சியிலேயே இறங்கியது.

அம்மா பூஜைக்கு வைத்த பொரியும் கடலையும் தட்டிலேயே இருந்தன. டிவியில் வயிற்றால் இறங்கப் போகிறது, ஆம்புலன்ஸ்கள் தயார் என்று ஓடிக்கொண்டிருந்தது. அம்மா டிவியை அணைக்கவும் விடவில்லை, பார்க்கவும் இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கடைசியில் சக்கரம் ஒழுங்காக இறங்கி, சாதாரணமாக வந்து நின்றது. அண்ணன் போன் செய்து, “ஏன் இத்தனை மிஸ்டு கால்?” என்று கேட்டான்.

வான்நோக்கி, அந்த இரண்டரை மணி நேரத்தில் விமானி பெரிய வீரராக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். அதனால் சேகர் அண்ணனின் கேள்வி எனக்குத் தப்பாகப் படவில்லை. ஆனால் சேகர் அண்ணா, விருது கொடுத்திருக்கக் கூடாது என்பதை என்னால் ஏற்க முடியாது. அந்த 231 வீடுகளிலும் யாரோ ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்திருப்பார்.

ஹேங்கர் தாஸ்:

நித்யா, உங்கள் அண்ணன் போனது போயிங் 737. அதில் மாற்று வழிக்கு மின்சாரமே வேண்டாம். துணை விமானி இருக்கைக்குப் பின்னால் தரையில் ஒரு மூடியைத் திறந்தால் மூன்று கைப்பிடிகள் இருக்கும், சக்கரத்துக்கு ஒன்று. கையால் இழுத்தால் கம்பி போய்ப் பூட்டைத் திறக்கும். 767இல் அந்தக் கைப்பிடி இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இனி விசாரணை அறிக்கைக்கு வருவோம். போலந்தின் விமான விபத்து விசாரணை ஆணையம் மூன்று காரணங்களை எழுதியது. ஒன்று, ஹைட்ராலிக் குழாய் கிழிந்தது. இரண்டு, சி829 திறந்திருந்தது. மூன்றாவதை மறைக்காமல் சொல்கிறேன், சேகர் அண்ணே: சக்கரம் இறங்கவில்லை என்று தெரிந்த பிறகும் விமானிகள் அந்த பிரேக்கரைக் கண்டுபிடிக்கவில்லை. ஆக, உங்கள் கேள்வி அறிக்கையிலேயே இருக்கிறது.

துணைக் காரணங்களையும் படிக்க வேண்டும். பிரேக்கர் தானாகவோ தவறியோ திறக்காமலிருக்கக் காப்பு இல்லை. அது இருந்த மூலை கண்ணுக்கு எட்டாதது. நிறுவனத்தின் நடைமுறைகள், தரையிலிருந்து விமானிகளுக்கு முறையான உதவி போகத் தடையாக இருந்தன. அந்த ஹைட்ராலிக் குழாய் பற்றி போயிங் ஏற்கெனவே அனுப்பியிருந்த பராமரிப்புச் சுற்றறிக்கையும் அமல்படுத்தப்படவில்லை. இந்தக் கடைசி வரிதான் எனக்கு உறுத்துகிறது. அது என் போன்றவர்கள் செய்ய வேண்டிய வேலை. குழாயை அப்போதே மாற்றியிருந்தால் அந்த மூலையைத் தேட வேண்டிய அவசியமே யாருக்கும் வந்திருக்காது.

வான்நோக்கி:

மூன்றாவது காரணத்தை நான் முழுதாகப் படித்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் விருதைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. சர்வதேச விதி, அதாவது சிகாகோ ஒப்பந்தத்தின் 13ஆம் இணைப்பு, விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது மட்டுமே, குற்றம் சுமத்துவது அல்ல என்று தெளிவாகச் சொல்கிறது. அறிக்கையை வைத்து அவரைக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

லோகோ சேகர்:

கூண்டில் ஏற்றவில்லை, தம்பி. நித்யா எழுதியதைப் படித்த பிறகு விருது பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்லம்மா.

தேடியிருக்க வேண்டும் என்பதிலிருந்து மட்டும் இறங்கி வர மாட்டேன். தாஸ் தன் வேலையின் பங்கை இவ்வளவு நேர்மையாக எழுதும்போது, ஓட்டுகிறவன் பங்கை ஓட்டுகிறவன்தான் சொல்ல வேண்டும். நாளைக்கு அசிஸ்டென்ட்களுக்கு ஷெட்டில் வகுப்பு இருக்கிறது. தாஸ், அந்த டார்ச் விஷயம், பக்கவாட்டில் அடித்தால் நிழல் விழும் என்றீர்களே, எங்கள் எஸ்.பி. பெட்டிக்கும் அது பொருந்துமா? லிவர் பாதி விழுந்து பாதி நிற்கும்போது எங்களுக்கும் இதே தொல்லைதான்.

ஹேங்கர் தாஸ்:

பொருந்தும், அண்ணே. டார்ச்சைச் சுவரோடு ஒட்டிக் கீழிருந்து மேலாக அடிக்கச் சொல்லுங்கள். பார்த்த பிறகு விரலாலும் தடவட்டும்.